குழை வெட்டியவருக்கும் நாயைக் கட்டியவருக்கும்

யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் செம்மண் வளவு ஒன்று. சங்கடப்படலை (கூரை போட்ட வாசல்), நாற்சார் வீடு (நடுவில் முற்றம் விட்டுக் கட்டிய வீடு), துலாக்கிணறு, ஓலைக் கொட்டில் எல்லாம் இன்றும் பாவனையில் உள்ள பழைய இடம். அங்கே ஆடுகளைப் பார்த்துப் படம் எடுக்க எங்கள் குழுவுக்கு இடம் தந்தவர்களுக்கும் கூட நின்று உதவியவர்களுக்கும் இந்த நன்றி மடல். ஊரையும் பெயரையும் போட வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்கள். முறை சொல்லியே அழைக்கிறோம். படங்களைப் பார்த்தவர்கள் எந்த லென்ஸ் என்று கேட்கிறார்கள். லென்ஸுக்கு இதில் பங்கு கொஞ்சம்தான்.

ஆச்சி, விடியவே முற்றம் கூட்டுவது உங்கள் வழக்கம். எங்களுக்காக அதைத் தள்ளிவைத்துத் தண்ணீரை மட்டும் தெளித்துவிட்டீர்கள். விளக்குமாறு பட்டால் செம்மண் தூசு கால் மணித்தியாலமாவது காற்றில் நிற்கும். எதிர் வெயிலில் எடுத்தால் படம் முழுக்கப் புகை மண்டினதுபோல் வெளிறிவிடும், லென்ஸ் மாற்றினால் கமராவுக்குள்ளும் போகும். நீங்கள் தந்த பழைய வெள்ளை வேட்டியும் பெரிய உபகாரம். கொட்டிலுக்கு மேற்கே கொடியில் அதை விரித்ததும் காலை வெயில் அதில் பட்டுத் திரும்பி, ஓலைக் கூரையின் இருட்டுக்குள் நின்ற ஆடுகளின் முகத்தில் விழுந்தது. கீழ் விளிம்பில் கல்லுக் கட்டச் சொன்னதும் நீங்கள்தான். துணி படபடத்தால் ஆடு அந்தப் பக்கம் தலை வைக்காது.

செம்மண் வளவில் வெள்ளை ஆட்டை எடுப்பவர்களுக்கு இன்னொன்று. நிலத்தில் பட்ட வெயில் செம்மஞ்சளாகத் திரும்பி ஆட்டின் வயிற்றிலும் தாடையிலும் ஏறும். கமராவைத் தானியங்கி நிறச் சமநிலையில் விட்டால், படம் முழுக்கச் சிவப்பு என்று கண்டு அது எதிர்ப்பக்கம் இழுக்கும். முதுகு நீலம் பாரித்துப் போகும். ஆடு நிற்கும் அதே நிழலில், ஆட்டின் உயரத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து நிறத்தை அளந்து வைத்துக்கொண்டால் அன்று காலை முழுக்கப் போதும். வெள்ளை ஆடு இருட்டுக் கொட்டிலின் வாசலில் நின்றால் கமராவில் வெளிச்சத்தை ஒரு படி (ஸ்டொப்) குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் மயிர் தெரியாமல் வெள்ளை அப்பிவிடும். அதே ஆடு படத்தை நிறைத்து நின்றால் முக்கால் படி கூட்ட வேண்டும். கறுப்பு ஆட்டுக்கு இது மறுவளம்.

ஆடுகளுக்கு இலைக் குழை வெட்டித் தந்த அண்ணைக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது? ஆட்டைக் கூப்பிடவும் வேண்டாம், கை தட்டவும் வேண்டாம், ஒரு கொப்பை முறியுங்கோ என்றீர்கள். அந்தச் சத்தத்துக்குத் தொங்கு காது இரண்டும் அடியிலிருந்து முன்னுக்கு விரிய, சமுனாபாரி இனக் கலப்பு மறிகள் (பெட்டை ஆடுகள்) அப்படியே திரும்பிப் பார்த்தன. பூவரசும் முள்முருக்கும் சீமைக்கிளுவையும் கலந்து கட்டி, நிலத்திலிருந்து நாலரை அடி உயரத்தில் தொங்கக் கூரை வளையில் தூக்கினீர்கள். நிலத்தில் போட்டால் ஆடு தலையைக் குனிந்துவிடும், உச்சந்தலைதான் படத்தில் வரும். தூக்கிக் கட்டினால் பின்னங்காலில் எழும்பி நிற்கும். கழுத்து நீளும், கண்ணில் வானம் தெரியும். அதைவிட உயர்த்தினால் முன்னங்காலைச் சுவரில் ஊன்றி எங்களுக்கு முதுகைக் காட்டும். அரை அடியில் இருக்கிறது விஷயம்.

கிழட்டு மறியை மட்டும் பன்னிரண்டு முழக் கயிற்றில் கட்டி மற்றவற்றை அவிழ்த்து விட்டதும் உங்கள் யோசனை. மூத்தது நிற்கும் இடத்தை விட்டு மற்றவை தூரப் போகவில்லை. கழுத்தில் கயிறு இல்லாத படங்கள் அவ்வளவும் அதனால் வந்தவை.

வேலியோரம் நின்ற மரவள்ளியில் கை வைக்க வந்தவரை நீங்கள் மறித்ததை இங்கே பகிரங்கமாகவே சொல்கிறோம், மற்றவர்களுக்கும் உதவும். மரவள்ளி இலையில் சயனைட்டை வெளிவிடும் பொருள் இருக்கிறது. சற்று அதிகமாகத் தின்றாலே ஆடு மூச்சுத் திணறி விழும். பூசைக்கென்று வளர்க்கிற அலரியும் அப்படியே நஞ்சு. பிஸ்கட், வாழைப்பழம், மிஞ்சின சோறு கொண்டுவருவதும் வேண்டாம். பழக்கமில்லாத மாச்சத்து ஒரேயடியாகப் போனால் இரைப்பை புளித்து வயிறு ஊதும். வீட்டுக்காரர் கம்பியால் குத்திச் சேர்த்து வைத்த பலாவிலையை அவர்கள் கையால் வாங்கிக் கொடுப்பதுதான் வழி.

மிருக வைத்தியருக்கு: படலையடியில் வைத்த கிருமிநாசினி வாளிக்கும் தேய்க்கிற தூரிகைக்கும் நன்றி. கால்வாய் நோய் (காலிலும் வாயிலும் புண் வரும் தொற்றுநோய்) சப்பாத்து அடியில் ஒட்டிய சாணத்தோடும் வரும் என்பது, பண்ணை பண்ணையாக ஏறி இறங்கிப் படம் எடுப்பவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. ஒரு மறிக்கு மடி விறைத்து வாலடி இரண்டு பக்கமும் குழிந்திருப்பதைக் காட்டி, ஈனப்போகிறது என்று சொல்லி, அந்தக் கொட்டிலுக்குள் எவரையும் விடாமல் தடுத்தீர்கள். ஈன்ற முதல் சில மணித்தியாலங்களில்தான் தாய் குட்டியை நக்கி மணம் பிடித்துக்கொள்ளும். அந்த நேரம் குட்டியைப் பிரித்தெடுத்தால் தாய் ஒதுக்கிவிடக்கூடும், கடும்புப் பாலும் (ஈன்றதும் சுரக்கும் முதல் பால்) தவறிப்போகும். குட்டி தாயோடு நன்றாக ஒட்டிய பிறகு ஓலைச் செத்தையின் நீக்கலுக்குள்ளால் எடுத்தோம், ஃபிளாஷ் இல்லாமல். இருட்டில் ஃபிளாஷ் அடித்தால் ஆட்டுக் கண் பச்சையாக மின்னும். அந்தப் படத்தை வைத்து எதுவும் செய்ய முடியாது.

கிடாயைப் பிடித்து நின்ற தம்பிக்கு. முதுகு மயிர் சிலிர்த்துத் தலை தாழ்ந்தால் விலகச் சொன்னீர், விலகினோம். மறியின் மூத்திரத்தை மோந்த பிறகு கிடாய் கழுத்தை நீட்டி மேலுதட்டைச் சுருட்டும் என்று முன்கூட்டியே சொன்னபடியால், மூன்று பாகம் (ஒரு பாகம் இரு கையையும் விரித்த நீளம்) தள்ளி, பக்கவாட்டில் காத்திருந்து ஆறுதலாக எடுக்க முடிந்தது. நாற்றம் சட்டையில் இன்னும் இருக்கிறது, அதற்கு உம்மைக் குறை சொல்லவில்லை.

ஒழுங்கைக்கு அங்காலை உள்ள மாமி விடிய ஆறு மணி தொடக்கம் நாயைக் கட்டி வைத்தார். நாய் குரைத்தால் ஆடுகள் ஒன்றாக நெருங்கி ஒரே திசையில் முறைத்துக்கொண்டு நிற்கும். குட்டிகள் தொட்டிக் கட்டிலும் திண்ணையிலும் ஏறித் துள்ளுவது ஆடுகளுக்குப் பயம் இல்லாத நேரத்தில் மட்டும்தான். துள்ளலுக்கு 1/1000 செக்கன் ஷட்டர் வேகமாவது வேண்டும். அசைபோடும் ஆட்டுக்கு 1/250 தாராளம். சாக்கை விரித்து வயிற்றில் படுத்து, குட்டியின் கண்மட்டத்துக்கு இறங்கினால் பின்னால் கிடுகு வேலி கரைந்து நிற்கும். எட்டரைக்குப் பிறகு வேண்டாம்: வெயில் ஏறக் கண்மணி மெல்லிய கோடாகச் சுருங்கிவிடும், காலை நிழலிலோ அது அகன்ற நீள்சதுரமாக இருக்கும். சாக்கில் உண்ணி ஏறும், எழும்பியதும் உதறுங்கள்.

படங்களை 8×12 அங்குலத்தில் மினுக்கமில்லாத தாளில் அச்சிட்டு ஆச்சியிடம் கொடுத்திருக்கிறோம். குசினிச் சுவரில் மாட்ட வேண்டாம், புகை பிடிக்கும். எல்லாப் படங்களின் முழு அளவுப் பிரதியும் தம்பியின் கணினியில் இருக்கிறது. கிடாய், குட்டி விற்கும்போது விளம்பரத்துக்கு வேண்டியதை எடுத்துப் பாவியுங்கோ. எங்களைக் கேட்கவோ எங்கள் பெயரைப் போடவோ தேவையில்லை.

இப்படிக்கு,
படம் எடுக்க வந்த குழுவினர்
யாழ்ப்பாணம்