காலாப்பட்டுப் பல்கலைக்கழக வாசல் கடைக்காரர்களுக்கு நன்றி மடல்

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய டீக்கடை அண்ணனுக்கும், இட்லிக்கடை அம்மாவுக்கும், மீன் வறுக்கும் அக்காவுக்கும், கொத்துபரோட்டா மாஸ்டருக்கும், கரும்புச்சாறு பிழியும் தம்பிக்கும், இளநீர்ப் பெரியவருக்கும் வணக்கம்.

சென்ற மாதம் என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு நல்லபடியாக முடிந்தது. ஆய்வேட்டின் தொடக்கத்தில் நெறியாளருக்கும், நூலகத்தாருக்கும், அச்சு நூல்களை எனக்கு வாசித்துக் காட்டிய நண்பர்களுக்கும் முறைப்படி நன்றி தெரிவித்திருக்கிறேன். உங்களுக்கு அதில் ஒரே ஒரு வரிதான் கிடைத்தது. ஏழு ஆண்டுக் கடனுக்கு அந்த ஒரு வரி போதாது என்று மனம் உறுத்திக்கொண்டே இருந்ததால் இம்மடலை எழுதுகிறேன். நாலு பேர் அறியச் சொல்ல வேண்டிய நன்றி என்பதால் பொதுவிலும் வைக்கிறேன்.

நான் பிறவியிலேயே பார்வை இல்லாதவன். விருத்தாசலத்தை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து 2018ஆம் ஆண்டு முதுகலை படிக்கப் புதுச்சேரியை அடுத்த காலாப்பட்டுக்கு வந்தேன். நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே 1985இல் தொடங்கப்பட்ட மத்தியப் பல்கலைக்கழகம், ஏறத்தாழ 780 ஏக்கர் வளாகம், எல்லா மாநிலத்துப் பிள்ளைகளும் படிக்கிற இடம் என்று ஊரில் பெருமையாகச் சொல்லி அனுப்பினார்கள். வளாகத்தின் உட்புற வழிகளை நண்பர்கள் ஒரு மாதத்தில் எனக்குப் பழக்கிவிட்டார்கள். ஆனால் வாசலுக்கு வெளியே கிழக்குக் கடற்கரைச் சாலை இருந்தது. சென்னைப் பேருந்துகளும், வார இறுதியில் விரைந்து வரும் கார்களும், கிட்ட வரும்வரை ஓசையே எழுப்பாத பேட்டரி ஸ்கூட்டர்களும் ஓடுகிற அந்தச் சாலையைத் தனியாகக் கடப்பது முதல் சில வாரங்கள் என்னால் முடியாத காரியமாகவே இருந்தது. ஒருநாள் ஒரு இருசக்கர வாகனம் என் வெண்கோலை இடித்து முறித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. நான் சாலையோரத்தில் கையில் பாதிக் கோலோடு நின்றபோது டீக்கடை அண்ணன் ஓடிவந்து, மீதிப் பாதியைத் தேடி எடுத்து, இரண்டையும் சேர்த்து மூங்கில் சிம்பு வைத்து, மின்கம்பிக்குச் சுற்றும் கறுப்பு டேப்பால் இறுக்கிச் சுற்றித் தந்தார். புதிய கோல் வந்து சேரும்வரை அந்தக் கோல்தான் எனக்கு உதவியது.

அன்றைக்கு அவர் கேட்ட கேள்வியை இன்றுவரை நான் மறக்கவில்லை. "தம்பி, நான் உன் கையைப் புடிக்கணுமா, இல்ல நீ என் கையைப் புடிக்கிறியா?" என்று கேட்டார். படித்தவர்கள் பலரும் கேட்காத கேள்வி அது. பார்வையற்ற ஒருவரின் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு போனால், அடுத்த அடி எங்கே விழும் என்று அவருக்குத் தெரியாது. அவர் உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வந்தால், நீங்கள் ஏறுவதும் இறங்குவதும் நிற்பதும் உங்கள் உடம்பின் அசைவிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். இதை ஒருமுறைதான் அண்ணனிடம் சொன்னேன். அடுத்த வாரம் பரோட்டாக் கடைப் பையன் என்னைக் கடக்க வைக்க வந்தபோது, அவனாகவே முழங்கையை நீட்டினான். அண்ணன் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார்.

பிறகு பணம். கண்ணுள்ளவர்களுக்கு இது பெரிய சிக்கலாகத் தோன்றாது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். புதிய வரிசையில் வந்த நூறு, இருநூறு, ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் மூன்றும் ஒரே அகலம், 66 மில்லிமீட்டர். நீளம் முறையே 142, 146, 150 மில்லிமீட்டர். ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் உள்ள வேறுபாடு வெறும் 4 மில்லிமீட்டர்தான். விரலால் தடவி அறிவதற்கென்று ஓரங்களில் கோடுகள் அச்சிடப்பட்டிருந்தாலும், நாலு கை மாறிக் கசங்கிய தாளில் அவை தேய்ந்து போயிருக்கும். தாளை அடையாளம் சொல்லும் செயலியை ரிசர்வ் வங்கி 2020இல் வெளியிட்டது. ஆனால் கூட்டம் நெரிகிற கடை முன்னால், மங்கிய விளக்கொளியில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தவர்களுக்கே அதன் சிரமம் தெரியும். நூறு என்று நினைத்து ஐந்நூறை நீட்டிய நாட்கள் எனக்கு எத்தனையோ உண்டு. இட்லிக்கடை அம்மா ஒவ்வொரு முறையும் "இது ஐந்நூறுப்பா, உள்ள வை, சின்னதா குடு" என்று சொல்லித் திருப்பித் தந்தார். மீதி தரும்போது பெரிய தாளை அடியில் வைத்து, வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணி என் உள்ளங்கையில் வைப்பார். சட்னிக் கையைத் துடைத்துவிட்டு அவர் அப்படி எண்ணுகிற அந்த அரை நிமிடம் வரிசையில் நின்ற ஒருவரும் முணுமுணுத்ததில்லை. பிற்பாடு கடைகளில் பணம் வந்ததைச் சத்தமாக அறிவிக்கும் பெட்டிகள் வந்தபின் எனக்கு இந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில், எனக்குத் தெரிந்து, உங்களில் எவரிடமும் நான் ஒரு ரூபாய்கூட ஏமாந்ததில்லை.

மீன் வறுக்கும் அக்காவுக்குத் தனியே ஒரு சொல். மீனைத் தின்னப் பயந்து முட்டையே கேட்டுக்கொண்டிருந்த என்னிடம், "நெத்திலி தின்னு, முள்ளோட மென்னு முழுங்கிடலாம்" என்று சொல்லிப் பழக்கியவர் அவர். அதற்குப் பிறகு வஞ்சிரம் வந்த நாட்களில் நடுத்துண்டாகப் பார்த்து எடுத்து, நடுமுள்ளை நீக்கி வைத்திருப்பார். கேரளத்துப் பிள்ளைகளிடம் மலையாளத்திலும், ஒடிசாப் பிள்ளைகளிடம் இந்தியிலும் விலை சொல்கிற அவர், என் தட்டை வைக்கும்போது மட்டும் பலகையில் விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார். தட்டு எங்கே இருக்கிறது என்று நான் துழாவியதே இல்லை.

உங்கள் எல்லாருக்கும் சேர்த்து நன்றி சொல்ல வேண்டியது சாலையோரத்து நடைவழிக்காக. தொடக்கத்தில் அந்த ஓரத்தில் வண்டிச் சக்கரமும், பெஞ்சும், வெட்டிப் போட்ட இளநீர் மட்டையும் என் காலில் மாறிமாறி இடறின. நான் எவரிடமும் குறை சொல்லவில்லை. ஒரு பொங்கல் விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம்வரை கோலில் எதுவும் தட்டுப்படவில்லை. பெரியவர் மட்டைகளை மரத்துக்குப் பின்னால் குவிக்கத் தொடங்கியிருந்தார், மாஸ்டர் பெஞ்சைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார். வியாபாரத்துக்கு ஒவ்வொரு அடி இடமும் காசு என்பது எனக்குத் தெரியும். மாற்றுத்திறனாளிகள் தடையின்றி நடமாட வழி செய்ய வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. உங்களில் ஒருவரும் அதைப் படித்திருக்கமாட்டீர்கள். தெருவோர வியாபாரிகளின் பிழைப்பைக் காக்க 2014இல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. அதை நீங்கள் அவசியம் யாரையாவது படித்துச் சொல்லக் கேளுங்கள், உங்கள் வியாபாரச் சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததும், ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டியதும் நம் எல்லாருக்கும் தெரியும். மழை ஓய்ந்தபின் வாசலுக்கு வந்தேன். வெளியே வந்து பத்தடி நடந்ததும் எனக்குத் திசை தப்பிவிட்டது. அத்தனை ஆண்டுகளாக நான் கோலை நம்பி நடந்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் பஜ்ஜி எண்ணெயின் வாசம் வந்தால் இடப்பக்கம், பரோட்டாக் கல்லில் கரண்டி விழும் தாளம் கேட்டால் நேரே, கரும்பு எந்திரத்தின் சலங்கை ஒலித்தால் சாலையைக் கடக்கும் இடம் என்றே நடந்திருக்கிறேன். அன்றைக்கு ஈரமணலும் முறிந்த கிளையின் பச்சை நாற்றமும் தவிர அங்கே ஒன்றுமே இல்லை. நின்ற இடத்திலேயே நின்றேன். அப்போது அண்ணனின் குரல் கேட்டது. தன் கடைக்கூரை பறந்துபோன இடத்தில் தகரத்தைத் தேடிக்கொண்டிருந்தவர், அதைப் போட்டுவிட்டு வந்து முழங்கையைத் தந்தார்.

கடலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் எனக்கு இப்போது வேலை கிடைத்திருக்கிறது. முதல் சம்பளம் வந்ததும் ஒரு சனிக்கிழமை மாலை அம்மாவையும் அழைத்துக்கொண்டு வருகிறேன். அம்மாவின் முழங்கையைப் பிடிக்காமல், அவரை என் முழங்கையைப் பிடிக்கச் சொல்லிச் சாலையைக் கடந்து உங்களிடம் வர ஆசை. கரும்புச்சாறு தம்பி அன்று கூட்டம் இல்லாவிட்டாலும் எந்திரத்தை நிறுத்தாமல் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். சலங்கை கேட்டால்தான் எனக்கு இடம் தெரியும்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் வாசலில் ஏழு ஆண்டு சாப்பிட்ட தம்பி