எட்டு மணிப் போன்

அன்புள்ள ஐயாவுக்கு,

அம்மா எழுதுதேன். நேத்து பஸ் பார்சல்ல நல்லெண்ணெயும் நார்த்தங்காயும் போட்டிருக்கேன். பாட்டிலை நிமிர்த்தி வை, போன தடவை மாதிரி கவுத்திராத. இங்க சாரல் ஆரம்பிச்சாச்சு. ஐந்தருவியில நல்லா விழுதாம். பிள்ளைக இருந்த 15 நாளும் பாறை காய்ஞ்சு கிடந்துச்சு. "ஆச்சி, தண்ணி எப்ப வரும்"னு சின்னவன் தினமும் கேட்டான். மே மாசம் முன்பாதின்னு எழுதித் தர்ற கோர்ட்டுக்கு குத்தாலத்துச் சீசன் ஜூன்லதான்னு தெரியவா போகுது.

நாலு ஞாயிறா நீ பேசல. நான் போட்டாலும் எடுக்கல. வேலையா இருக்கும். வக்கீல் நோட்டீஸ் வந்ததே அக்கா சொல்லித்தான் தெரியும். அதைப் பத்தி நான் கேக்கல. நேரத்துக்குச் சாப்பிடுதியா?

பெரியவளுக்குச் சிக்கெடுத்து நீ சடை பின்னிவிட்டதைத் தெருவே பாத்துச்சு. உங்க அப்பா உன் தலையில ஒரு நாள் எண்ணெய் வச்சிருப்பாரா? ஆனா அஞ்சாம் நாளே லீவு இல்லைன்னு கோயம்புத்தூருக்கு வண்டி ஏறிட்டியே. கேஸ் நடக்கையில சின்னவனுக்கு மூணு வயசு. அஞ்சு வயசு வரைக்கும் பெரும்பாலும் தாய்கிட்டதான் விடுவாங்க, 1956லயே சட்டம் போட்டாச்சுன்னு வக்கீல் சொன்னப்போ எப்படி அழுதே. அப்படி அழுது வாங்கின நாள்ல பத்து நாள் ஆச்சிகூடக் கழிஞ்சிருச்சு.

நீ எடுத்துக் கொடுத்த பச்சைப் பாவாடையைப் பெரியவ மடிச்சு இங்க பீரோவுலயே வச்சிட்டுப் போயிட்டா. "இங்கேயே இருக்கட்டும் ஆச்சி"ன்னா. ஏன்னு கேக்க எனக்கு வாய் வரல.

அவங்க அம்மா ராத்திரி எட்டு மணிக்குப் பேசுனா மறிக்காத ஐயா. பிள்ளைக முன்னால 'அந்தப் பொம்பளை'ன்னு சொல்லாத. சின்னவன் என் போனைத் தூக்கிட்டு கிணத்தடிக்குப் போயி, வாளிக்குப் பக்கத்துல குத்தவச்சு குசுகுசுன்னு பேசுதான். நம்ம வீட்டுல ஒரு பிள்ளை ஒளிஞ்சா பேசணும்? எட்டு மணிப் போனை மட்டும் மறிக்காத.

உனக்குச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை. போன் கெட்டுப்போச்சு, கடையில கொடுத்திருக்கேன்னு பக்கத்து வீட்டுலேருந்து சொன்னேனே, பொய். நான்தான் அணைச்சு அரிசிப் பானைக்குள்ள புதைச்சேன். முந்தின நாள் ராத்திரி கிணத்தடியில அவன் அம்மாகிட்டச் சிரிச்ச சிரிப்பு இருக்கே, வந்த நாள்லேருந்து என்கிட்ட அப்படி ஒரு தடவை சிரிக்கல. பொறுக்கல எனக்கு. மூணு நாள் எடுக்கல. நீதான் பேசவிடலைன்னு நோட்டீஸ்ல எழுதியிருக்காமே.

நாலாம் நாள் அரிசி அளக்கப் போனேன். பின்னாலயே வந்து நின்னான். "நான் எடுக்கல ஆச்சி, நீங்க வச்ச இடத்துலதான் இருக்கு"ன்னான். மூணு நாளும் தெரிஞ்சே இருந்திருக்கான். ஒரு வார்த்தை யார்கிட்டயும் சொல்லல. அந்தப் பழக்கம் ஒம்போது வயசுப் பிள்ளைக்கு எங்கேருந்து வந்துச்சு?

அவகிட்ட நானே பேசப் போறேன், ஞாயித்துக்கிழமை. அடுத்த வருஷம் லீவுல பின்பாதியை மாத்திக் கொடுக்கச் சொல்லி நீயும் கேளு. வக்கீலை விட்டுக் கேக்காத, நீயே கேளு. சில வருஷம் மே கடைசியிலயே சாரல் எட்டிப்பாக்கும். அதுக்கு முன்னாடி என்னைத் திட்டணும்னா திட்டிரு. போன் இப்போ சாமி ரூம்ல, சார்ஜ்லதான் கிடக்கு.

அம்மா