புக்கிங் இல்லாத கார்த்திகை

குன்னூர்,
கார்த்திகை மாதம், விடாத மழை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் திங்கள்கிழமையே வந்துவிட்டது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், கரண்ட் போய்விட்டது. மறுநாள் அம்மாவுக்கு மூட்டுவலி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. இன்று பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் வேறு வேலை எதையும் தொடாமல் இதை எழுதுகிறேன்.

இங்கே நாலு நாளாக வெயிலைக் கண்ணால் பார்க்கவில்லை. தண்டவாளத்தில் மண் சரிந்ததால் மேட்டுப்பாளையம் மலை ரயிலை நிறுத்திவிட்டார்கள். ஊட்டிக்கு ஆனி ஆடியில் கொட்டும் மழை நமக்கு ஐப்பசி கார்த்திகையில்தான் கொட்டும், உனக்குத் தெரியாததா? கொடைக்கானலிலும் இப்போது அதே கதை என்று எழுதியிருக்கிறாய். மலை மாறினாலும் நம் இரண்டு பேருக்கும் மழை மாறவில்லை.

"இந்த மாதம் ஒரே ஒரு டெமோ புக் ஆனது, அதுவும் காலையில் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இனிமேல் அந்தப் பையைத் தூக்கத் தெம்பில்லை" என்று நீ எழுதிய இடத்தை இரண்டு முறை படித்தேன். வீட்டில் நாலு பேரைக் கூட்டி, டப்பாவைக் கையில் காட்டி விற்கும் இந்த டெமோ வேலையில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. தீபாவளிக்கு முந்தின மூன்று வாரத்தில் ஒன்பது டெமோ செய்தேன். தீபாவளி முடிந்து இன்றுவரை மூன்று. அந்த மூன்றும் எப்படி வந்தன என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள். இந்த மாதம் ஆட்கள் வராததற்கு உன் பேச்சோ உன் திறமையோ காரணம் இல்லை. துணிக்கும் பலகாரத்துக்கும் பட்டாசுக்கும் கையில் இருந்ததெல்லாம் போயிருக்கும். பாதி வீட்டில் ஆண்கள் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார்கள். விடியற்காலையில் எழுந்து குளித்து, தனியாகச் சமைத்து, இரண்டு வேளை பூஜைக்கும் எடுத்து வைக்கும் பெண்ணிடம் போய் "அக்கா, பத்துப் பேரைக் கூப்பிடுங்கள், டெமோ வைக்கலாம்" என்றால் அவள் என்ன செய்வாள்? அப்புறம் இந்த ஊர் 2009 நவம்பர் நிலச்சரிவை இன்னும் மறக்கவில்லை. இரண்டு நாள் சேர்ந்தாற்போல் மழை பிடித்தால் பெரியவர்கள் யாரையும் வெளியே விடமாட்டார்கள். அதை நம்மை வேண்டாம் என்று சொன்னதாக எடுத்துக்கொண்டால் மனசு நொந்துதான் போகும்.

எனக்கும் நொந்து போயிற்று. போன மாதக் கடைசியில் அருவங்காட்டில் ஒரு டெமோ இருந்தது. கனத்த பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, மழையில் படி ஏறிப் போனால் வீடு பூட்டிக் கிடந்தது. போன் போட்டேன், எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, "மறந்தே போயிட்டேன்க்கா, மாமியார் வீட்டுக்கு வந்துட்டோம்" என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல பெண். ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தேன். அன்று இரவு பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். எட்டு நாள் அது அங்கேயேதான் கிடந்தது.

ஒன்பதாம் நாள் மளிகைக் கணக்குப் பார்க்க நோட்டைத் தேடியபோது என் பழைய விற்பனை நோட்டு கையில் கிடைத்தது. யார், என்ன வாங்கினார்கள், எந்தத் தேதி, எவ்வளவு என்று முதல் வருஷத்திலிருந்து எழுதி வைத்திருக்கிறேன். சும்மா புரட்டினேன். நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். அதில் பாதிப் பேரிடம் பொருளைக் கொடுத்து காசு வாங்கிய நாளோடு சரி, அப்புறம் ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்குச் சுருக்கென்று இருந்தது. புது ஆளைத் தேடித் தேடி ஓடியிருக்கிறேன், என்னை நம்பி ஏற்கெனவே வாங்கியவர்களை அப்படியே விட்டிருக்கிறேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு உட்கார்ந்து ஐந்து பேருக்குப் போன் செய்தேன். விற்கவேண்டும் என்று இல்லை. "நல்லா இருக்கீங்களா? நீங்க வாங்கின டப்பா எப்படி இருக்கு, மூடி சரியா மூடுதா?" அவ்வளவுதான் கேட்டேன். மூன்றாவது போன் வெலிங்டனில் இருக்கும் ரிட்டயர்டு டீச்சர் அம்மாவுக்கு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊறுகாய்க்கு இரண்டு பெரிய டப்பா வாங்கியவர். நான் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "ஒண்ணோட மூடி ஆறு மாசம் முன்னாடியே ஓரத்துல வெடிச்சிடுச்சும்மா. உன்னைக் கூப்பிட்டுச் சொன்னா சங்கடப்படுவியோன்னு விட்டுட்டேன்" என்றார். ஆறு மாதமாக ஒரு தட்டைப் போட்டு மூடி வைத்திருக்கிறார்! மூடி வெடித்தால் மாற்றித் தருவோம் என்று டெமோவில் சத்தமாகச் சொன்னவள் நான்தான்.

அன்றைக்கே போய் அந்த மூடியை வாங்கி வந்து கம்பெனிக்கு அனுப்பினேன். புது மூடி வர பன்னிரண்டு நாள் ஆயிற்று. நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையில் கேட்லாக் கூடக் கொண்டு போகவில்லை. டீ கொடுத்தார், மருமகளைக் கூப்பிட்டு, "இந்தப் பொண்ணுதான்" என்றார். மருமகள் அவளாகவே கேட்டாள்: "ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிஞ்சு என் சிநேகிதிங்க வருவாங்க, அப்ப உங்களால வர முடியுமாக்கா? கிறிஸ்துமஸ் கேக், முறுக்கெல்லாம் போட்டு வைக்க டப்பா பார்க்கணும்." அதுதான் என் முதல் புக்கிங். ஆறு பேர்தான் வந்தார்கள். தீபாவளிக்கு முன்னால் பதினான்கு பேர் வந்த டெமோவைவிட அதில் ஆர்டர் அதிகம்.

அன்றிலிருந்து தினமும் ஐந்து பெயர். புக்கிங் எத்தனை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன், அது நம் கையில் இல்லை. ஐந்து பேரிடம் பேசுவது நம் கையில் இருக்கிறது. ஐந்தாவது பெயரை நோட்டில் டிக் அடித்ததும் அன்றைய வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவேன். உற்சாகம் வந்தபிறகு பேசலாம் என்று காத்திருந்த எட்டு நாளில் அது வரவே இல்லை. இரண்டாவது போன் பேசி முடிக்கும்போது தானாக வந்திருக்கும். எனக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது.

நோட்டில் புதிதாக ஒரு கட்டம் கூடப் போட்டிருக்கிறேன்: இந்த வீட்டுக்குக் காசு எப்போது வரும்? ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் சம்பளத் தேதி. எடப்பள்ளி, கட்டபெட்டு பக்கம் சொந்தத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குப் பச்சைத் தேயிலைப் பணம். இந்த மாதம் போட்ட இலைக்கு அடுத்த மாதம்தான் பணம் வரும், விலையும் மாதத்துக்கு மாதம் ஏறும் இறங்கும். பனி விழ ஆரம்பித்தால் இலையே குறைந்துவிடும். இதெல்லாம் தெரியாமல் இருபத்தைந்தாம் தேதி போய் நின்றால் அவர்களுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம். உன் பக்கம் பூம்பாறை ஆட்களுக்குப் பூண்டு விற்ற காசு எப்போது கைக்கு வருகிறது, பண்ணைக்காட்டில் காப்பிக் காசு எப்போது என்று உனக்குத்தான் தெரியும். அதை எழுதி வை.

நேரத்தையும் மாற்றிவிட்டேன். முன்பெல்லாம் சாயங்காலம் நாலரைக்குத்தான் டெமோ வைப்பேன். இப்போது ஐந்து மணிக்கே மூடுபனி இறங்கி இருட்டிவிடுகிறது, தேயிலைத் தோட்டத்திலிருந்து காட்டெருமை ரோட்டுக்கு வந்துவிடுகிறது. போன மாதம் எங்கள் தெரு முனையிலேயே கரடி வந்தது. யார் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வருவார்கள்? அதனால் பதினொன்றிலிருந்து பன்னிரண்டரைக்குள். சமையல் முடிந்திருக்கும், பிள்ளைகள் வர நேரம் இருக்கும். பத்துப் பேர் வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர் போதும் என்று நானே சொல்லிவிடுகிறேன். "நாலு பேர்தானா, அதுக்கென்ன" என்று சம்மதிக்கிறார்கள்.

மழையையே டெமோவுக்குள் கொண்டுவந்துவிட்டேன். இந்த ஈரத்தில் நம் வீட்டு உப்பு என்ன ஆகிறது, அப்பளம் என்ன ஆகிறது, தீப்பெட்டி என்ன ஆகிறது என்று சொல்லவே வேண்டாம். பொரித்த அப்பளம் நாலைத் தகர டப்பாவில், நாலை நம் டப்பாவில் போட்டு ஐந்து நாள் வைத்தேன். இரண்டையும் அப்படியே எடுத்துப் போய் அவர்கள் கையில் கொடுத்து உடைக்கச் சொன்னேன். ஒன்று நொறுங்கியது, மற்றது துணி மாதிரி மடங்கியது. அதற்கு மேல் நான் பேசத் தேவையே இருக்கவில்லை.

என் மூத்தவள் ஒரு விஷயம் படித்துச் சொன்னாள். அமெரிக்காவில் டப்பர்வேர் என்கிற பிளாஸ்டிக் டப்பாவை முதலில் கடையில் வைத்தபோது சரியாகப் போகவில்லையாம், அந்த மூடியை எப்படி அமுக்கிக் காற்றை வெளியேற்றுவது என்று யாருக்கும் தெரியாததால். பிரவுனி வைஸ் என்கிற பெண் வீட்டு வீட்டுக்கு நாலு பேரைக் கூட்டி, கையில் செய்து காட்டி விற்றார். 1951-ல் கம்பெனி கடை விற்பனையையே நிறுத்திவிட்டு அவர் வழிக்கு வந்தது. 1954-ல் பிஸினஸ் வீக் பத்திரிகை அட்டையில் அவர் படம் வந்தது, அந்த அட்டையில் இடம்பெற்ற முதல் பெண் அவர்தான். அவரும் கணவன் துணை இல்லாமல் ஒரு பிள்ளையை வளர்த்தவர் என்று கேட்டபோது எனக்கு உன் நினைவுதான் வந்தது.

சரி, இனி எனக்குக் கவலையாக இருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். கடைசிப் பக்கத்தில், சின்னதாக எழுதியிருந்தாய். கம்பெனியில் உன் லெவல் இறங்காமல் இருக்க, நீயே இருபதாயிரத்துக்குச் சரக்கு எடுத்து வைத்துக்கொள், வேண்டுமானால் வளையலை அடகு வை, ஜனவரியில் விற்றுவிடலாம் என்று உன் அப்லைன், அதாவது உன்னை இந்த வேலையில் சேர்த்தவர், சொன்னதாக. வைக்காதே. கெஞ்சிக் கேட்கிறேன், வைக்காதேடி. அது உன் அம்மா போட்ட வளையல். லெவல் இறங்கினால் திரும்ப ஏறலாம். அடகு வட்டி மாதாமாதம் ஏறும், கட்டிலுக்கு அடியில் சரக்கு அப்படியே இருக்கும். விற்ற பொருளுக்குக் கமிஷன் வந்தால்தான் அது சம்பாத்தியம். நம் காசையே போட்டு நமக்கே ஆர்டர் எழுதிக்கொள்வது சம்பாத்தியம் இல்லை.

2021 டிசம்பரில் நேரடி விற்பனைக்கென்று மத்திய அரசு தனி விதிகளே கொண்டுவந்திருக்கிறது. ஆளைச் சேர்ப்பதை வைத்தே பணம் சுற்றும் பிரமிட் திட்டம் அதில் தடை. சேர்வதற்குக் கட்டணம் கேட்கக் கூடாது. நாமும் ஒருவர் வீட்டுக்கு அடையாள அட்டை இல்லாமல், முன்கூட்டிச் சொல்லாமல் போகக் கூடாது. அடுத்த முறை அந்த அப்லைன் வற்புறுத்தினால், "அக்கா, விற்ற பிறகுதான் எடுப்பேன்" என்று மட்டும் சொல். கோபப்பட்டால் படட்டும். நீ மரியாதையாகச் சொன்னால் போதும்.

ஒரு கணக்கு மட்டும் உட்கார்ந்து போட்டுப் பார். போன வருஷ நோட்டில் கார்த்திகை மார்கழியை எடு. அப்போதும் இப்படித்தான் குறைந்திருந்து, தையில் திரும்ப ஏறியிருந்தால், இது காலத்துக்குக் காலம் வரும் மந்தம், பொறுத்துக்கொள்ளலாம். பஸ் செலவு, போன் செலவு எல்லாம் கழித்து வருஷம் முழுக்கவே கையில் ஒன்றும் நிற்கவில்லை என்றால், தைரியமாக வேறு வேலை பார்ப்போம், அதில் ஒரு கேவலமும் இல்லை. நீ தைக்கிற ஜாக்கெட்டுக்கு இந்த ஊரில் இன்னும் ஆள் கேட்கிறார்கள். ஆனால் ஒரு மழை மாதத்தை வைத்து மட்டும் முடிவு எடுக்காதே.

வீட்டில் எல்லோரும் சுகம். அம்மா உன்னைக் கேட்டார்கள். சின்னவன் கணக்கில் தேறிவிட்டான். நாம் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் இருந்த அந்தப் பேரிக்காய் மரத்தைப் போன வாரக் காற்று சாய்த்துவிட்டது. உன்னிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன், இப்போது சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன். உன் நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள். திங்கள்கிழமை பேச வேண்டிய ஐந்து பேரை இரண்டு பேருமாகச் சேர்ந்து எழுதுவோம்.

இந்தக் கடிதத்தோடு ஒரு கிலோ வர்க்கி, நம் ஊர் மொறுமொறு பிஸ்கட், பார்சல் போட்டிருக்கிறேன், நேற்று அடுப்பிலிருந்து இறங்கியது. பிள்ளைகளுக்குக் கொடுத்தது போக ஒரு கைப்பிடியைத் தகர டப்பாவிலும் ஒரு கைப்பிடியை நம் டப்பாவிலும் போட்டு ஒரு வாரம் திறக்காமல் வை. அடுத்த டெமோவுக்கு இரண்டையும் கொண்டு போ.

உன்,
பழைய பெஞ்சுத் தோழி