தாழ்வாரத் தூண் பற்றி அம்முவுக்கு

அன்புள்ள அம்மு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்வாசல் தாழ்வாரத்தின் இடது தூண் கிளம்பி நிற்கிறது, உத்தரமும் அந்தப் பக்கம் தூக்கிவிட்டது. வேலை சுத்தமாகத்தான் இருக்கிறது, உன் கை நேர்த்தி படத்திலேயே தெரிகிறது. ஆனால் மண்ணைச் சோதிக்காமலா குழி வெட்டுவது? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

குளிர்காலத்தில் நிலம் உறைந்து உப்பித்தான் தூணைத் தூக்கியிருக்கிறது. தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் விரியும், அதனால்தான் நிலம் உப்புகிறது என்பார்கள். அது சின்னக் காரணம். 1930 வாக்கில் ஸ்டீபன் டேபர் என்ற நிலவியலாளர், உறையும்போது சுருங்குகிற பென்சீனை மண்ணில் ஊற்றி உறைய வைத்தார். அப்போதும் மண் உப்பியது. உறைகிற விளிம்பு கீழே உள்ள ஈரத்தை மேலே இழுக்கிறது. வந்த நீர் பனிக்கட்டித் தகடுகளாக அடுக்கடுக்காகச் சேர்கிறது. அத்தனை தகடுகளின் தடிமனும் சேர்ந்துதான் நிலத்தைத் தூக்குகிறது. மணலுக்கு நீரை இழுக்கும் பலம் கிடையாது. கெட்டிக் களிமண் பலமாக இழுக்கும், ஆனால் நீர் அதற்குள் மெல்லத்தான் நகரும். இரண்டுக்கும் நடுவே உள்ள நுண் வண்டல்தான் பொல்லாதது.

குழியடி மண்ணை ஒரு பிடி எடுத்து, ஈரமாக்கி, உள்ளங்கையில் வடைபோல் தட்டிக் கையைப் பக்கவாட்டில் குலுக்கு. மேலே நீர் மினுங்கி, விரலால் அழுத்தியதும் மறைந்தால் அது வண்டல். முதலில் இதைச் செய்.

தூண் ஏன் திரும்ப இறங்கவில்லை என்று கேட்டிருந்தாய். உறைந்த மண் தூணின் பக்கவாட்டைக் கவ்விக்கொண்டு மேலே தூக்கும்போது அடியில் இடைவெளி விழும். உருகும்போது சேறு சரிந்து அதை நிரப்பிவிடும். பிறகு தூண் எங்கே இறங்க? ஒவ்வொரு குளிர்காலமும் இன்னும் கொஞ்சம் ஏறும். வயலில் கற்கள் மேலே வருவதும் இப்படித்தான்.

இப்போது அவசரப்பட்டுத் தோண்டாதே. நிலம் பெரும்பாலும் மேலிருந்து கீழாக உருகும். அடியில் பனி இருக்கும்வரை மேல்மண்ணின் நீர் வடிய வழியில்லை, கால் வைத்தாலே கூழாகும். இரும்புக் கம்பியைக் குத்திப் பார், தடை இல்லாமல் இறங்கிய பிறகு ஆரம்பி. நான்கடிக் குழி ஒற்றை ஆள் வேலை இல்லை. மாப்பிள்ளையும் கூட நிற்பார்தானே?

தூணின் அடிமட்டம் உங்கள் பகுதியின் உறைபனி ஆழத்துக்கு, அதாவது குளிர்காலத்தில் நிலம் உறையும் ஆழத்துக்கு, கீழே போக வேண்டும். அந்த அளவைக் கட்டிட அனுமதி தரும் அலுவலகத்தில் கேள். கான்கிரீட்டை நேராக மண்குழியில் ஊற்றாதே. மேல்வாய் காளான்போல் அகன்றுவிட்டால் பனி அதன் அடியில் பிடித்துத் தூக்கும். வழவழப்பான உருளை அச்சுக்குள் ஊற்று. சுற்றிலும் கழுவிய ஜல்லி போடு. 0.02 மில்லிமீட்டருக்கும் சிறிய துகள் 3 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அந்த ஜல்லியே உப்பும். இது காசாகிராண்டே என்ற மண் பொறியாளர் 1930களில் வகுத்த கணக்கு, இன்றும் பயன்படுகிறது. வண்டல் ஜல்லிக்குள் புகாமல் நடுவே வடிதுணி வை. வெட்டி எடுத்த மண்ணைத் திரும்பப் போடாதே, உறைந்த கட்டிகளை அறவே போடாதே. அவை உருகியதும் நிலம் அமிழும். கூரைத் தண்ணீர் தூணருகே விழக் கூடாது. மண், குளிர், நீர் மூன்றும் சேர்ந்தால்தான் உப்பும், அவற்றில் நீரைத்தான் நீ எளிதாகத் தடுக்க முடியும். தண்ணீரைத் திருப்பு அம்மு, மறக்காதே.

பின்புறம் களிமண் பூசி வைத்த குட்டையும் கசியும். சில முறை உறைந்து உருகினாலே களிமண்ணில் மயிரிழை வெடிப்புகள் ஓடி, நீர் பல மடங்கு வேகமாக இறங்கும். அதைப் பிறகு பார்க்கலாம், தூண்தான் முதலில்.

போன கடிதங்களில் மாப்பிள்ளை பற்றி ஒன்றும் இல்லை. வேலை மும்முரமாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். இரண்டு தூணுக்கும் ரசமட்டம் வைத்து எவ்வளவு வித்தியாசம் என்று அளந்து எழுது. உத்தரத்துக்கு முட்டு கொடுக்காமல் தூணைக் கழற்றாதே. தனியாகக் கழற்றவே கூடாது. கூட யார் இருக்கிறார்கள் என்பதையும் எழுது.

அப்பா