முகையதீனின் கப்பல்

அன்புள்ள காதர்,

நலம், நலமறிய ஆவல். மூட்டுவலி இருக்கிறது, அதைவிட அதற்கு ஆளாளுக்குச் சொல்லும் வைத்தியம்தான் தாங்க முடியவில்லை.

கீழக்கரை வீட்டை இடிக்கப்போவதாகக் குட்டையன் சொன்னான். இடி, விற்றுத் தொலை, உன் பாடு. பரண்மேல் இருக்கும் உன் வாப்பாவின் தகரப்பெட்டியை மட்டும் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடாதே.

நியூசிலாந்தின் தமிழ் மணியைப் பற்றி நீயும் கேள்விப்பட்டிருப்பாய். 1830களில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷன் அச்சுக்காரர், வங்காரெய் பக்கத்து மாவோரி ஊரொன்றில் பெண்கள் ஒரு வெண்கலச் சட்டியில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைப் பார்த்திருக்கிறார். சட்டியல்ல, தலைகீழாக வைத்த மணி. உடைந்த மணிதான், ஆனால் சுற்றிலும் எழுத்து. இரும்புச் சட்டி ஒன்றைக் கொடுத்து வாங்கிக்கொண்டார். புயலில் சாய்ந்த மரத்தின் வேரடியில் கிடைத்தது என்றார்களாம். பல வருடங்கள் கழித்துத்தான் அந்த எழுத்து தமிழென்று தெரிந்தது: முகையதீன் வக்குசு என்பவரின் கப்பல் மணி. இப்போது வெலிங்டனில் டெ பாப்பா அருங்காட்சியகத்தின் சொத்து.

இதை வைத்துக்கொண்டு குட்டையன் ஆடும் ஆட்டத்தைப் பார்க்கவேண்டும். தமிழன்தான் நியூசிலாந்தைக் கண்டுபிடித்தானாம்! மணி போய்ச் சேர்ந்தால் கப்பலும் போய்ச் சேர்ந்தது என்றாகிவிடுமா? கப்பல் கைமாறும், உடைத்து விற்பார்கள், மணி எவன் கைக்கோ போகும். போர்த்துக்கீசியர் கொண்டுபோயிருக்கலாம், ஆளில்லாத கப்பல் நீரோட்டத்தில் ஒதுங்கியிருக்கலாம். எழுத்தின் வடிவத்தைப் பார்த்து 500 வருடப் பழசு என்கிறார்கள் சிலர். வேரடிக் கதையோ வாய்வழிச் சேதி. இவ்வளவு ஓட்டையான சாட்சியை வைத்து நான் ஒரு வாய்க்கால் வழக்குக்கூட நடத்தமாட்டேன்.

என் ஆசையெல்லாம் அந்த மனிதர்மேல். மணி எப்படிப் போனது என்றே எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அவர் எந்த ஊர்? காயல்பட்டினமா, நாகூரா, பரங்கிப்பேட்டையா, உங்கள் ஊரேதானா? கடல் வணிகம் செய்த மரக்காயர்களின் கப்பல்கள் சுமத்ரா, மலாயா பக்கம் அச்சே, கெடா, மலாக்கா என்று போய் வந்தவைதானே. இறைநேசர் முகையதீன் ஆண்டகையின் பெயரோ உங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும். தன் பெயரைப் பொறித்து மணி வார்க்கச் சொன்னவர் சாமானியராக இருக்கமாட்டார். அந்தக் கப்பலில் போனவர்கள் வீடு திரும்பினார்களா, காதர்? உன் பாட்டனாரின் தோணி பினாங்குக்குப் போய்த் திரும்பாததை உன் உம்மா சொன்னபோது நாம் பணியாரம் தின்றுகொண்டிருந்தோம். அந்த வயதில் அது நமக்கு ஒரு கதை, அவ்வளவுதான். இப்போது நினைத்தால் எத்தனை பேர் போனார்கள் என்றுகூடக் கேட்காமல் விட்டது உறுத்துகிறது.

அந்தப் பெட்டியில் அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் தமிழாக, எழுதிய சரக்குக் கணக்கு இருந்தது, ஞாபகமிருக்கிறதா? பூச்சி அரித்து ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. நாம் பிரிக்கப்போய் வாங்கிக்கட்டிக்கொண்டோம். வக்குசு அதில் இருப்பார் என்று நான் கனவு காணவில்லை. அவர் காலம் வேறு, அந்தக் கணக்கின் காலம் வேறு. ஆனால் பினாங்குத் தோணியில் போனவர்களின் பெயராவது இருக்கலாம் அல்லவா?

பொங்கல் கழிந்ததும் வருகிறேன். படிக்கத் தெரிந்த ஆலிம் ஒருவரை நீ பார்த்து வை, படம் எடுக்க ஆளை நான் அழைத்துவருகிறேன். அதுவரை ஏடுகளைப் பிரிக்காதே, வெயிலில் காயப்போடாதே. குட்டையனிடம் மூச்சு விடாதே. பிறகு பினாங்கையும் நாம்தான் கண்டுபிடித்தோம் என்பான்.

அன்புடன்,
சிவா