மழைக்காலத்தில், நின்ற இடத்திலேயே

பெரம்பூர்,
நவம்பர் 23

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. 20-ஆம் தேதி போகட்டும் என்று எடுத்து வைத்திருந்தேன். உனக்கென்ன, ஜிஎஸ்டியை ஆடிட்டர் தலையில் கட்டிவிட்டு உரக்கடையில் உட்கார்ந்திருப்பாய். எனக்கு மாதத்தில் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் யமகண்டம். முதலாவதில் விற்பனைக் கணக்கை ஏற்ற வேண்டும், இரண்டாவதில் வரியைக் கட்டி மூட வேண்டும். இந்தத் தடவை ஒரு பில் நம்பர் மாறிப்போய், அம்பத்தூர் எஸ்டேட்டில் இரவு ஒன்பதரை வரை உட்கார்ந்து தேடினேன். கடைசியில் பார்த்தால் நானே மாற்றி அடித்தது. யாரிடமும் சொல்லவில்லை.

ஐப்பசி கார்த்திகை அடைமழை என்று சும்மாவா சொன்னார்கள்? சைக்கிளை விட்டுவிட்டு மின்சார ரயிலில் பட்டரவாக்கம் போய் இறங்குகிறேன். நனைவதைப் பற்றிக் கவலை இல்லை. தேங்கிய தண்ணீருக்கு அடியில் பள்ளமா, மூடி இல்லாத சாக்கடையா என்று தெரியாதே, அதுதான் பயம். ஐரோப்பாக்காரனுக்குப் பனிக்காலத்தில் சைக்கிள் ஓய்வு என்றால் சென்னைக்காரனுக்கு இந்த இரண்டு மாதம்.

ஓய்வு என்று பேர்தானே தவிர, காலை ஐந்து மணிக்குக் கூடத்தில் மிதித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ட்ரெய்னர் என்று ஒரு சாமான். பின்சக்கரத்தை இரும்புத் தாங்கியில் பூட்டிவிட்டால், ஓர் உருளை டயரை அழுத்திக்கொண்டே இருக்கும். எவ்வளவு மிதித்தாலும் சுவர் பக்கத்தில் வராது. சின்ன வயதில் உன் அப்பா சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, ஏறி உட்கார்ந்து மிதித்து, டைனமோ எரிகிறதா என்று பார்ப்போமே, அதேதான். அன்றைக்கு அதற்கு அடி வாங்கினோம், இன்றைக்குக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

கீழ்வீட்டுக்காரர், "சார், மாவு மில் ஏதாவது ஆரம்பிச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அடியில் ஒரு பழைய மெத்தையை மடித்துப் போட்டிருக்கிறேன். எதிர்க்காற்று இல்லாததால் வியர்வை குற்றால அருவி மாதிரி கொட்டுகிறது. அந்த உப்புத்தண்ணீர் ஹேண்டில்பார் போல்ட்டையெல்லாம் துருப்பிடிக்க வைக்கும் என்பது இரண்டு போல்ட் போன பிறகுதான் தெரிந்தது. இப்போது ஒரு துண்டைக் குறுக்கே கட்டிவிடுகிறேன். நான் இறங்கியதும் வீட்டில் ஈரத்துணியை அதன்மேல் காயப்போட்டுவிடுவார்கள். மழை நாளில் நல்ல கொடிதான்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் மாதத்து 400 கிலோமீட்டர் பிரெவே என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். அப்போது எழுத மனம் வரவில்லை.

பிரெவே என்பது நெடுந்தூர சைக்கிள் பயணம், பந்தயம் இல்லை, மாப்ளே. முதலாவது, இரண்டாவது என்று எதுவும் கிடையாது. கெடுவுக்குள் வந்து சேர வேண்டும், அவ்வளவுதான். 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40. நான்கையும் ஒரே பருவத்தில் முடித்தால் சூப்பர் ராண்டனர் என்று பெயர். 200, 300 இரண்டையும் முடித்துவிட்டேன். அந்தத் தெம்பில் 400-க்குப் போனேன். உளுந்தூர்ப்பேட்டை வரை போய்த் திரும்ப வேண்டும். முன்னால் இரண்டு பொடியன்கள், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவர்கள் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே போனேன். பாதித் தூரத்தை எட்டரை மணி நேரத்தில் முடித்து, அங்கே டீ குடித்தபோது எனக்கு இருந்த பெருமை இருக்கிறதே! கையில் இன்னும் பதினெட்டரை மணி நேரம். நடந்து வந்தாலே பாதி வந்திருக்கலாம்.

வெயிலில் இரண்டு பாக்கெட் பிஸ்கட்டைத் தவிர எதுவும் சாப்பிடவில்லை. திண்டிவனம் தாண்டியதும் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. மேல்மருவத்தூர் பக்கம், 310-வது கிலோமீட்டரில், ஒரு மூடிய டயர்க்கடை வாசலில் படுத்துவிட்டேன். ஒரு குட்டியானைக்காரர் சைக்கிளோடு ஏற்றிக்கொண்டு வந்து பெரம்பூரில் இறக்கினார். பின்னால் கோயம்பேட்டுக்குப் போகிற வாழைத்தார். வழியெல்லாம் அதன் வாசம். அதற்குப் பிறகு ஒரு மாதம் வாழைப்பழத்தைப் பார்த்தாலே குமட்டியது.

கால் கைவிடவில்லை, அவசரம்தான் கெடுத்தது. அதனால் இந்த மழைக்காலம் முழுக்க எனக்கு ஒரே பாடம், மெதுவாக மிதிப்பது. சிரிக்காதே. 220-லிருந்து வயதைக் கழித்தால் நாடித்துடிப்பின் உச்சம் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. நம் 47-க்கு 173. அதில் எழுபது சதவீதத்துக்குள், அதாவது 120-ஐத் தாண்டாமல், ஒன்றரை மணி நேரம் மிதிக்க வேண்டும். அந்த நிதானத்தில்தான் உடம்பு கொழுப்பை எரித்து ஓடப் பழகும், தசைக்குள் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகும். நெடுந்தூரத்துக்கு அதுதான் அஸ்திவாரம். பக்கத்தில் ஆள் இருந்தால் மூச்சு வாங்காமல் ஊர்க்கதை பேச முடிய வேண்டும் என்பது எளிய அளவுகோல். நீதான் பக்கத்தில் இல்லை. கந்த சஷ்டி கவசம் சொல்லிப் பார்க்கிறேன், இரண்டு வரிக்கு ஒருமுறை மூச்சு திணறினால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

இந்த மெதுவில் என்ன கஷ்டம் என்றால், செய்த மாதிரியே இருக்காது. இறங்கும்போது கால் வலிக்காது. ஏமாற்றிவிட்டோமோ என்று தோன்றும். வாரத்தில் ஒரு நாள் மட்டும் உயிர் போக மிதிக்க அனுமதி. இரண்டு நாள் தோப்புக்கரணமும் மாடிப்படியும். சைக்கிள் மட்டும் ஓட்டுகிறவனுக்கு எலும்பு வலுவாகாது, உடம்பு எடையைச் சேணமே தாங்கிவிடுகிறதே.

ஆபீசில், "டூர் டி பிரான்ஸ் எப்போ சார்?" என்று கிண்டல். அதைவிடப் பழையது ஒன்று இருக்கிறது என்று சொன்னேன். பிரான்சில் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் என்கிற ஊருக்குப் போய்த் திரும்புவது, 1200 கிலோமீட்டர், 90 மணி நேரம். 1891-இல் பந்தயமாக ஆரம்பித்தது. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் வந்ததே 1903-இல். இப்போது பந்தயம் இல்லை, நான்கு வருடத்துக்கு ஒருமுறை என்னை மாதிரி ஆட்கள் போகிறார்கள். பாரிஸ்-பிரெஸ்ட் என்று அதன் பெயரிலேயே சக்கரம் மாதிரி வட்டமாக ஒரு பலகாரமே இருக்கிறது. அடுத்தது 2027. போகப்போகிறேன் என்று சொல்லவில்லை. முதலில் மேல்மருவத்தூரைத் தாண்ட வேண்டும்.

அப்புறம் உன் முட்டிவலி. டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னார், ஓட்டினால் வலி கூடுகிறது என்று எழுதியிருக்கிறாய். உன் சீட் தாழ்ந்திருக்கிறது, பந்தயம் கட்டுகிறேன். தரையில் இரண்டு காலும் ஊன்ற வேண்டும் என்றுதானே நம் ஊரில் எல்லோரும் வைக்கிறோம்? முட்டி மடங்கியபடியே மிதித்தால் அத்தனை பாரமும் அங்கேதான் விழும். சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார். குதிகாலைப் பெடலில் வைத்து அடிவரை இறக்கு. கால் நேராக நீள வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சரியக்கூடாது. அப்புறம் முன்பாதத்தால் மிதித்தால் முட்டி லேசாக மடங்கும், அதுதான் சரியான உயரம். உன் அப்பா சைக்கிளில் சீட் தண்டு துருப்பிடித்து இறுகியிருக்கும். முதல் நாள் இரவே மண்ணெண்ணெய் ஊற்றி வை. முடிந்தால் ஒரு ஓவராயிலும் பண்ணிவிடு.

பொங்கலுக்கு மன்னார்குடி வருகிறேன். வடுவூர் ஏரி வரை போவோம், வெளிநாட்டுப் பறவையெல்லாம் வந்திருக்கும். போக வர முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது. டபுள்ஸ் கிடையாது, நீ தனியாக மிதிக்க வேண்டும். சீட்டை எத்தனை விரல்கடை ஏற்றினாய் என்று அளந்து எழுது.

அன்புடன்,
உன் பழைய கேரியர் பயணி