'விட்டுவிட்டான்': இரண்டு விடு

ஆசிரியருக்கு வணக்கம்.

'வந்துட்டான்', 'போயிட்டான்' என்றெல்லாம் பேசுவது தமிழின் சிதைவு என்று வருந்திய கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். எழுதியவரின் மொழிப்பற்று புரிகிறது. ஆனால் சிதைவு என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

'சாவியை உள்ளேயே விட்டுவிட்டான்' என்று எழுதுகிறோம். இதில் 'விடு' இரண்டு தடவை வருகிறது. முதல் விடு, சாவியை விட்டது. இரண்டாவது விடு எதையும் விடவில்லை. காரியம் முடிந்துபோனது என்பதை மட்டும் சொல்கிறது. சரி, பேச்சில் இது 'விட்டுட்டான்' ஆகும்போது தேய்வது எது? பொருளுள்ள முதல் விடு அப்படியே நிற்கிறது. துணைவினையாக வந்த இரண்டாவதுதான் வெறும் 'ட்டு' ஆகிறது. நாக்கின் சோம்பல் என்றால் இரண்டும் சேர்ந்தல்லவா தேய்ந்திருக்க வேண்டும்? 'ட்டுட்டான்' என்று யாரும் சொல்லக் கேட்டதில்லை. எது சொல், எது இலக்கண உறுப்பு என்று பேசுகிறவரின் வாய்க்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும்.

தனிச்சொல் இப்படி இலக்கண உறுப்பாவதை மொழியியலில் இலக்கணமயமாதல் என்பார்கள். பிரெஞ்சு மொழியியலாளர் அந்துவான் மெய்யே 1912இல் வைத்த பெயர் அது. நிகழ்வு மிகப் பழையது. ஆறாம் வேற்றுமைக்குத் தொல்காப்பியர் சொன்ன உருபு 'அது'. இன்று நாம் எழுதும் 'அவனுடைய' என்பதில் இருப்பதோ, 'செல்வம் உடையவன்' என்பதில் உள்ள அதே உடைமைச் சொல். பின்னால் வந்து உருபின் வேலையை எடுத்துக்கொண்டது. பேச்சில் 'அவனோட' என்றும் ஆகிவிட்டது. லத்தீனில் மனத்தைக் குறித்த சொல்லொன்று, பிரெஞ்சில் நம் 'ஆக' போன்ற வினையடை விகுதியாகிவிட்டது. 'மெதுவாக' என்று சொல்லும் பிரெஞ்சுக்காரர் யாரும் அதில் மனத்தைத் தேடுவதில்லை.

அப்புறம், கட்டுரையாளரோடு நான் ஒத்துப்போகும் இடமும் ஒன்று உண்டு. 'பேசிட்டு வந்தான்' என்றால் பேசிவிட்டு வந்தானா, பேசிக்கொண்டு வந்தானா? 'விட்டு', 'கொண்டு' இரண்டும் தேய்ந்து ஒரே 'ட்டு'வில் வந்து முட்டிக்கொள்கின்றன. நேரில் பேசும்போது இடம் பார்த்துப் புரிந்துகொள்வோம். அச்சில் அந்த வசதி கிடையாது. எனவே செய்தியிலும் பாடநூலிலும் முழு வடிவமே இருக்கட்டும். 'போயிட்டேன்' என்று பேசும் பிள்ளையைக் கொச்சை என்று சொல்லித் திருத்த வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகர்